சொந்த உபயோகத்துக்கு மட்டும்

அந்தப் பஸ்ஸில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சட்டம். "சட்டம் ஏறிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பழைய கண்டக்டர் விசில் கொடுப்பார். அது அவள் காதில் விழாமல் இல்லை. விழுந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். இருபத்தொன்றாம் நம்பர் சீட்டில், ஜன்னலோரமாக, வெள்ளை ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ தப்புச் செய்துவிட்டு இன்னும் மன்னிப்புக் கேட்க வரவில்லை என்பது போன்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

வேலையும் அந்த முகத்துக்கு ஏற்ற வேலைதான். ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங். நீள மேஜை, தலைக்கு மேல் குழல் விளக்கு, கையில் சின்னக் கத்தரி. ஒரு நாளைக்கு எழுநூறு சட்டையாவது அவள் கை வழியாகப் போகும். காலர், கைமடிப்பு, பட்டன் துளை, பக்கத் தையல் என்று விரல் ஓடும். ஓடுகிற விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் எதிர்வரிசையில் தைப்பவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். "பரவாயில்லக்கா, இதெல்லாம் யார் பார்க்கப் போறா?" என்று ஒருத்தி ஒரு தடவை கேட்டாள். "நான் பார்த்துட்டேனே" என்றாள் இவள். அதற்குப் பிறகு யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அவளும் தம்பியும் பிழைப்புக்காக வந்து சேர்ந்தது பாலத்துக்கு இந்தப் பக்கம், வேற்று நாட்டில். தம்பி அவளைவிட ஐந்து வயது சின்னவன். அடிபட்டால் ரத்தம் உறையாத உடம்பு அவனுக்கு, பிறவியிலேயே. வெளியே வெட்டுப்பட்டால்கூடக் கட்டுப்போடலாம். உள்ளே, மூட்டுக்குள் கசிய ஆரம்பித்தால் மருந்து ஏற்றினால்தான் நிற்கும். அந்த மருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறந்த நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும். இந்தப் பக்கம் விலைக்கு வாங்குவதென்றால் அவளுடைய மூன்று மாதச் சம்பளம் ஒரு வாரத்துக்குக் காணாது. ஆகவே மாதத்தில் ஒரு நாள் லீவு போடுவாள். காலை முதல் பஸ்ஸில் போவாள், மருந்துக் குப்பிகளை ஐஸில் வைத்து வாங்கிக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் திரும்புவாள், இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பாள். ஊசி போடவும் அவளே கற்றுக்கொண்டிருந்தாள்.

பாலம் முடிகிற இடத்தில் கஸ்டம்ஸ் கூடம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. ஒரு பாட்டில் படம், ஒரு சிகரெட் பெட்டி படம், ஒரு வாசனைத் திரவியக் குப்பி படம். பெரியவர் ஒருவருக்கு ஒன்று வீதம் வரி இல்லாமல் கொண்டுவரலாம். படங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் மிச்ச விதிகள். குறைந்தது இரண்டு இரவு வெளியே தங்கி வருபவர்களுக்கே இந்தச் சலுகை. ஒருவர் சலுகையை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. மற்றவர் பொருளைத் தன் பொருள் என்று கொண்டுவருவது குற்றம். சொந்த உபயோகத்துக்கான மருந்து ஒரு மாத அளவு தடையில்லை; பிறருக்கான மருந்தென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும், சிவப்பு வழியில் காட்ட வேண்டும். அந்தப் பலகையை முழுக்கப் படித்த ஒரே பயணி அவளாகத்தான் இருப்பாள். காட்ட ஒன்றுமில்லாதவர்களுக்கான பச்சை வழியில் பஸ்ஸே திபுதிபுவென்று போகும்போது அவள் மட்டும் தன்னந்தனியாகச் சிவப்பு வழியில் போய், கடிதத்தை நீட்டி, பெட்டியைத் திறந்து காட்டி, சீல் வாங்கிக்கொண்டு வருவாள். பஸ் அவளுக்காகக் காத்திருக்கும். முனகிக்கொண்டே காத்திருக்கும்.

பஸ்ஸில் மற்றவர்கள் வேறு ரகம். இந்தப் பக்கம் வேலை பார்த்து, வாரக் கடைசியில் அந்தப் பக்கம் போய் இரண்டு மூன்று நாள் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்கள். சலுகை இருக்கும், வாங்கப் பணம் இருக்காது. அந்த இடத்தில்தான் செண்டு நுழைந்தாள். செண்டு என்பது ஒரு அம்மாள். ஐம்பது வயது, கழுத்தில் எப்போதும் மூன்று வாசனை, வாயில் எப்போதும் ஒரு கேலி. அந்தப் பக்கம் மொத்தமாகச் சிகரெட் பெட்டிகள் வாங்குவாள். பாலத்துக்கு முன்னால் கண்டக்டர் ஆளுக்கொன்றாக மடியில் வைப்பார். தாண்டிய பிறகு டீக்கடை ஓரத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார். அதற்கு 'மடி வைப்பது' என்று பெயர். மடி கொடுத்தவர்களுக்கு டிக்கெட் இலவசம். யாருக்கும் இதில் உறுத்தல் இல்லை. பலகையில் படம் போட்டு ஒன்று என்று சொல்லியிருக்கிறான், ஒன்றுதானே கொண்டுபோகிறோம் என்பார்கள்.

முதல் வருஷம் செண்டு அவளிடம் நேராகவே கேட்டாள்.

"ஏம்மா, உன் மடி சும்மாதானே இருக்கு?"

"நான் காலையில போய் மத்தியானம் வர்றவ. எனக்குச் சலுகையே கிடையாது. இருந்தாலும் தரமாட்டேன்."

"அந்த ரெண்டாவதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு வாய் வலி மிச்சம்" என்றாள் செண்டு. பஸ் சிரித்தது. பழைய கண்டக்டர் அன்றிலிருந்து இருபத்தொன்றாம் சீட்டைத் தாண்டிப் போய்விடுவார். பெயர் வைத்ததும் அன்றுதான்.

அந்த ஏற்பாடு ஏழு வருஷம் ஓடியது. பிறகு பழைய கண்டக்டருக்கு இடுப்பு போய்விட்டது. அவர் மருமகன் வந்தான்.

மருமகன் கெட்டவன் இல்லை. புதியவன், ஒழுங்கானவன். மாமனார் எல்லாவற்றையும் மனசிலேயே வைத்திருந்தார்; இவனுக்கு மறந்துவிடுமோ என்று பயம். அதனால் ஒவ்வொரு சிகரெட் பெட்டியின் அடிப்பக்கத்திலும் சீட் நம்பரைப் பேனாவால் எழுதினான். முப்பத்தெட்டு சீட், முப்பத்தெட்டு பெட்டி. பாலத்துக்கு முந்தின ஸ்டாப்பில் அவள் ஐஸ் மாற்றுவதற்காகக் கீழே இறங்கியிருந்தாள். சீட்டில் அவள் துணிப்பை மட்டும் இருந்தது. மருமகன் பையைத் திறந்து, கடிதம் இருந்த பிளாஸ்டிக் உறைக்குக் கீழே இருபத்தொன்றாம் பெட்டியை வைத்தான். பின் சீட்டில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருத்தராவது "அந்தம்மாவுக்கு வேணாம்பா" என்று சொல்லியிருக்கலாம். ஒரு ஆள் முழங்கையால் பக்கத்து ஆளை இடித்துச் சிரித்ததாகப் பின்னால் தெரியவந்தது.

அன்று காலை அவள் கிளம்பும்போதே தம்பிக்கு முழங்கால் அடிபட்டிருந்தது. அவன் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். முன் அறை முழுக்கக் கழற்றிப்போட்ட மெஷின்கள். இருட்டில் எழுந்து வந்தவன் இரும்பு ஸ்டாண்டில் இடித்துக்கொண்டான். முந்தின வாரம் பல் ஈறில் ரத்தம் கசிந்ததற்கு வீட்டில் இருந்த கடைசிக் குப்பியும் செலவாகியிருந்தது. ஐஸை வைத்துக் கட்டிவிட்டு, "ரெண்டு மணிக்கு வந்துடுவேன், அசையாம படு" என்றாள். "அசைஞ்சா நீ விட்டுருவியா" என்றான்.

சிவப்பு வழியில் அன்று புது அதிகாரி. மூக்கின் நுனியில் கண்ணாடி. "கடிதம்?" என்றார். அவள் பைக்குள் கைவிட்டாள். உறையோடு சேர்ந்து ஒரு சிகரெட் பெட்டியும் வந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இது என்னுது இல்ல" என்றாள்.

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. உங்க பைதானே?"

"பை என்னுது. இது என்னுது இல்ல."

"எத்தனை நாள் வெளிய இருந்தீங்க?"

"காலையில போனேன்."

கண்ணாடிக்காரர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறகு அலுப்போடு, கிட்டத்தட்ட அன்போடு, சொன்னார். "இதோ பாருங்கம்மா. சின்ன விஷயம். பொருள் என்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அபராதம் கட்டுங்க. அஞ்சு நிமிஷத்துல மருந்தை எடுத்துக்கிட்டுப் போகலாம். இல்லன்னா கேஸ் முடியற வரைக்கும் கூட இருக்கிற எல்லாப் பொருளும் இங்கதான் இருக்கும். ஐஸ் பெட்டியும் சேர்த்து."

பேனாவை மூடி கழற்றி அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பஸ் நின்றது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள். முப்பத்தேழு மடியிலும் ஒவ்வொன்று. ஏழு வருஷம் பொடி எழுத்தைப் படித்து, வருஷத்துக்கு ஒரு தடவை கடிதத்துக்காக வரிசையில் நின்று, ஒவ்வொரு மாதமும் தானே போய்த் திறந்து காட்டியவள் திருடியாக நிற்கிறாள். ஒரு வரிகூடப் படிக்காதவர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"கையெழுத்துப் போடமாட்டேன். அந்தப் பஸ்ஸைத் திரும்பக் கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"ஒவ்வொரு மடியிலயும் ஒண்ணு இருக்கு. எல்லாம் ஒரு ஆளோடது."

கண்ணாடிக்காரர் முகத்தில் கோபம் வரவில்லை. ஒரு மத்தியானத் தூக்கம் பறிபோன வருத்தம்தான் வந்தது. ஆனால் கவுண்ட்டரில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டாள், பக்கத்துக் கவுண்ட்டர்காரரும் கேட்டுவிட்டார். பஸ் பின்னால் வந்தது.

எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். முதல் ஆளிடம், "இது யாருது?"

"என்னுதுங்க. ஒண்ணு கொண்டு வரலாம்ல?"

இரண்டாவது ஆள். "என்னுது." மூன்றாவது, "எனக்குத்தான், வீட்டுக்காரர் குடிப்பாரு." சிரிப்பு. எல்லோரும் இரண்டு இரவு தங்கியவர்கள். எல்லோர் கையிலும் ஒன்றே ஒன்று. பலகையின்படி முப்பத்தேழு பேரும் நிரபராதிகள், அவள் ஒருத்தி மட்டும் குற்றவாளி. மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். செண்டு அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். போதும், விடு, என்கிற மாதிரி.

தம்பி போன் செய்தான். "எங்க இருக்க?"

"கஸ்டம்ஸ்ல. கொஞ்சம் லேட் ஆகுது. எப்படி இருக்கு?"

"வீங்குது."

போனை வைத்தாள். கண்ணாடிக்காரர் மறுபடி பேனாவைக் காட்டினார். அவள் மேஜை மேல் இருந்த சிகரெட் பெட்டியைக் கையில் எடுத்தாள். சட்டையைப் பார்க்கிற மாதிரி ஓரம் ஓரமாகப் பார்த்தாள், மடிப்பை விரலால் தடவினாள், திருப்பினாள். அடியில் நீல மையில் 21.

"என் சீட் நம்பர் என்னன்னு டிக்கெட்டுல பாருங்க" என்றாள். "அப்புறம் அவங்க ஒவ்வொருத்தர் பெட்டியையும் திருப்பிப் பாருங்க. கடைக்காரன் இவங்க சீட் நம்பரை எழுதியா விக்கறான்?"

பதினேழாம் சீட்டுக்காரர் கையில் 17. நாலாம் சீட்டில் 4. ஒரே கையெழுத்து, ஒரே மை. வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் நேரம் போனது. முப்பத்தெட்டு பெட்டியையும் பறிமுதல் செய்ய வேண்டும். முப்பத்தேழு பேரிடமும் வாக்குமூலம் வாங்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு இன்னொருவர் எழுத வேண்டும். மேலதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஐஸ் பெட்டி வெளியே வரும். "கேஸ்தான் என் மேல இல்லையே, பெட்டியைக் குடுங்க" என்று அவள் நாலு தடவை கேட்டாள். "நீங்கதானே சட்டப்படி செய்யச் சொன்னீங்க? சட்டப்படி செய்யறோம்" என்றார் கண்ணாடிக்காரர். அவர் நிதானமாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பெஞ்சில் செண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று கேலி இல்லை.

"அந்தப் பையன் தெரியாம வெச்சுட்டான். என்கிட்ட வந்து சொல்லியிருந்தா அபராதத்தை நான் கட்டியிருப்பேன்ல?"

"கையெழுத்து?"

"என்ன பெரிய கையெழுத்து! ஏழு வருஷமா உன்னை இந்தப் பஸ் சுமக்குது. உனக்காக மாசாமாசம் பத்து நிமிஷம் நிக்குது. மூணு வீட்டுக்கு இதுல சோறு போகுதுடி. உன் தம்பிக்கு மருந்துன்னா எங்களுக்கு இது என்ன, விளையாட்டா?"

"என் பையில எதுக்கு வெச்சீங்க?"

"அதையே சொல்லு. செத்தாலும் அதையே சொல்லு" என்று எழுந்து போனாள் செண்டு.

போன் மறுபடி வந்தது. தம்பி இந்தத் தடவை, "பரவால்ல, மெதுவா வா" என்றான். வலி தாங்க முடியாமல் போனால்தான் அவன் அப்படிச் சொல்வான். அவளுக்கு அது தெரியும். அந்தப் பேனா அப்போதும் மேஜை மேல்தான் கிடந்தது. இனி கையெழுத்துப் போட்டும் பயனில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் முதல் போன் வந்தபோது பயன் இருந்தது.

நாலே முக்காலுக்குப் பெட்டி வெளியே வந்தது. பஸ் அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது ஐந்தே கால். தம்பியின் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கி, தோல் மினுமினுத்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஊசி போட்டாள்.

ரத்தம் நின்றது. கால்தான் பிறகு நேராகவில்லை. உள்ளே தேங்கியது அதிக நேரம் தேங்கிவிட்டது என்றார் டாக்டர். மெஷினைக் காலால் மிதித்து ஓட்டிப் பார்க்காமல் ரிப்பேர் செய்ய முடியாது. அவன் இடது காலால் மிதிக்கப் பழக ஆரம்பித்தான். மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் தாளம் தப்பியது.

மூன்றாம் வாரம் அவன் கேட்டான். "அந்த அதிகாரி அஞ்சு நிமிஷத்துல விடறேன்னாராமே?"

யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்தத் தெருவில் சொந்தக்காரர்கள் உண்டு.

"கையெழுத்துப் போட்டா அது குற்றம் ஒத்துக்கிட்ட மாதிரி. கடிதத்துக்குப் பின்பக்கம் போட்டிருக்கான், குற்றம் நிரூபணமானா அனுமதி ரத்துன்னு. அடுத்த மாசம் மருந்தே வந்திருக்காது."

தம்பி கடிதத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் படித்தான். உண்மைதான், போட்டிருந்தது. மடித்து வைத்தான்.

"இது உனக்கு அங்க நிக்கும்போதே ஞாபகம் இருந்துச்சா?"

அவள் அடுப்பை அணைத்தாள். பொய் சொல்லியிருக்கலாம். வாழ்க்கையில் ஒரே ஒரு பொய், அவன் நிம்மதிக்காக.

"இல்ல. வீட்டுக்கு வந்து தேடினேன்."

"பின்ன அங்க ஏன் போடல?"

"கோவம்."

தம்பி சுத்தியலைத் தூக்கி எறிந்தான். அது சுவரில் பட்டுக் காரை பெயர்ந்து விழுந்தது. "என் முட்டியை வெச்சு மூணு மணி நேரம் சண்டை போட்டிருக்க நீ! உனக்கு நியாயம் வேணும்னா உன் காலை வெச்சு வாங்கு. என் காலு எதுக்கு?"

"நான் தப்பு செய்யலடா!"

"நான் சொன்னேனா நீ தப்பு செஞ்சேன்னு? நீ தப்பே செய்யமாட்ட. அதான் கூட இருக்கிறவன் தாங்கணும்."

அது அவளை இன்னும் கோபப்படுத்தியது. காரைத் துண்டுகளைப் பெருக்கி எடுக்கும்போது துடைப்பம் தரையைக் கீறுகிற மாதிரி பெருக்கினாள்.

அடுத்த மாதம் அவள் கிளம்பியபோது தம்பி சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான், கையில் ஊன்றுகோல். "எனக்குத்தானே மருந்து. நானே போறேன்."

"பஸ் குலுக்கும். எங்கயாவது இடிச்சுக்குவ."

"வீட்லயும்தான் இடிச்சுக்கறேன்."

பஸ்ஸில் மருமகன் வழியை மறித்தான். "சட்டத்துக்கு சீட் இல்ல." அவளைப் பார்க்காமல் சொன்னான். அந்த ஒரு மாதத்தில் அவனும் கடுத்துப்போயிருந்தான்.

"எனக்குக் குடுப்பா" என்றான் தம்பி. "அது நின்னுக்கிட்டே வரட்டும். நிக்கறதுன்னா அதுக்குப் பிடிக்கும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தம்பி இருபத்தொன்றில் உட்கார்ந்தான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலம் முழுக்க நின்றாள். திரும்பும்போதும் நின்றாள். பாதி வழியில் இரண்டு சீட் காலியானது. யாரும் உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்கமாட்டாள்.

கஸ்டம்ஸில் அதே கண்ணாடிக்காரர். தம்பி ஐஸ் பெட்டியை மேஜை மேல் வைத்தான்.

"யாருக்கு?"

"எனக்கு."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஒரு மாசம்."

அவர் ஊன்றுகோலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "சரி, போங்க."

அவ்வளவுதான். கடிதம் கேட்கவில்லை, சீல் போடவில்லை. சொந்த உபயோகம். அந்த வரியை ஏழு வருஷமாக அவள் ஒவ்வொரு மாதமும் படித்திருக்கிறாள். தம்பியை வீட்டைவிட்டு அசையவிடக் கூடாது என்பது யாரும் பலகையில் எழுதி வைக்காத விதி. அதை எழுதியவள் அவள்தான். அவனுக்கு இன்னும் ஆறு வருஷம்தான் பாக்கி இருந்தது என்பது அன்று யாருக்கும் தெரியாது. அந்த ஆறு வருஷமும் மாதம் தவறாமல் அவனே போனான். போகப்போக அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி டீக்கடையில் அவனுக்கு சிநேகிதர்கள்கூட உண்டானார்கள். செண்டு ஒரு தடவை அவனுக்கு ஒரு வாசனைக் குப்பி சும்மாவே கொடுத்தாளாம். அவன் வாங்கிக்கொண்டான். அக்காவிடம் சொல்லவும் செய்தான், முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அன்று அவள் அவனுக்குப் பின்னால் சிவப்பு வழியிலேயே நின்றாள், வெறுங்கையோடு.

"உங்ககிட்ட என்ன இருக்கு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா பச்சையில போக வேண்டியதுதானேம்மா. இங்க எதுக்கு நிக்கறீங்க?"

அவள் அவரை முறைத்தாள். பிறகு வரிசையைவிட்டு விலகி, கயிற்றுக்குக் கீழே குனிந்து, பச்சை வழிக்கு வந்தாள். அங்கே யாரும் அவளைப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது தம்பி பஸ்ஸை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தான். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் ஐஸ் பெட்டி. பெட்டி ஒவ்வொரு எட்டுக்கும் காலில் இடித்துவிடும் போலிருந்தது. வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு எட்டு வேகமாக வைத்தாள்.

"தொடாத" என்றான் அவன், திரும்பாமலே.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவன் நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னால் நடந்தாள்.